பறவை கொத்திய காய்கள்

முள்ளங்கி பூத்துவிட்டால் தோட்டம் போடுகிறவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். கிழங்கு சக்கையாகிவிடும், பிடுங்கி எறிய வேண்டியதுதான். லேத்துக்காரர் வீட்டில் மட்டும் அது எப்போது பூக்கும் என்று காத்திருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த முள்ளங்கிக்குக் கிழங்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பிடுங்கிப் பார்த்தால் எலிவால் தடிமனுக்கு ஒரு வேர் இருக்கும், அவ்வளவுதான். அதன் சமாச்சாரமெல்லாம் மேலே. பூ உதிர்ந்ததும் காய் விடும். பச்சையும் ஊதாவுமாக ஒரு சாணுக்கு மேல் நீண்டு தொங்கும். இளசாகப் பறித்து மடக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். ஒடிந்தால் தின்னலாம், வளைந்தால் நார். கடித்ததும் முதலில் தண்ணீராகத் தெரியும், அப்புறம்தான் காரம் மூக்கில் ஏறும்.

அந்த விதையைக் கொண்டுவந்தவன் மகன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை அவனுக்கு. கூட வேலை பார்த்த ஒருவன் கொடுத்தானாம், ஒரு காகித மடிப்பில் கொஞ்சம். பழுதான சலவை இயந்திரங்களின் உள்டிரம் மூன்றை எங்கிருந்தோ தூக்கி வந்தான். ஓட்டை போட வேண்டிய வேலைகூட இல்லை, அதில் ஏற்கெனவே ஆயிரம் ஓட்டை. மண்ணை நிரப்பிப் பின்கட்டில் வரிசையாக வைத்தான். நீளமான காய் வந்தால் அப்பாவின் இரும்பு அளவுகோலை எடுத்து அளந்து, சமையலறைப் பின்கதவில் பென்சிலால் கோடு போடுவான். இருபத்தெட்டு சென்டிமீட்டர், முப்பத்தொன்று, முப்பத்து நான்கு. கோடுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. யாரும் அந்தக் கதவைத் துடைப்பதில்லை.

"ரகசியம் இதுதாம்ப்பா" என்று ஒருநாள் அவரிடம் சொன்னான். "பறிச்சுட்டே இருந்தா பூத்துட்டே இருக்கும். காயை முத்த விட்டோம்னு வைங்க, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு செடி கடையைச் சாத்திடும்."

லேத்துக்காரர் அப்போது அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாற்பத்தோரு வருடம் இரும்பு கடைந்தவர் அவர். ஒரு நூல் பிசகினாலும் சாமானைத் தூக்கிக் கடாசிவிட்டு முதலிலிருந்து கடைவார். இடது ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. அதையும் அந்த லேத்தே வாங்கிக்கொண்டது. முள்ளங்கி வளர்ப்பதெல்லாம் அவர் கணக்கில் பொழுதுபோகாதவன் வேலை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு துணிக்கடையின் பலகையை மாட்டிக்கொண்டிருந்தபோது மகனின் ஏணி வழுக்கியது. பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். கண்ணைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் வீட்டில் இரண்டே பேர் மிஞ்சினார்கள்: லேத்துக்காரரும் மருமகளும். அவர் மனைவி போய் ஒன்பது வருடமாகிறது. பிள்ளை பெற்றுக்கொள்வதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இளசுகள் இருவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். எந்த அடுத்த வருடமோ, அதற்குத்தான் வெளிச்சம்.

அதன் பிறகு லேத்துக்காரர் இருபத்திரண்டு நாள் ஒரே சட்டையோடு கட்டிலில் கிடந்தார். இருபத்திரண்டு என்று எண்ணியவள் மருமகள். அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குத் திரும்புவாள். அன்றைக்குத் திரும்பியவள் பையைக்கூட இறக்கவில்லை, நேராக அவர் கட்டிலுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் குவளையை நீட்டினாள்.

"எழுந்திரிங்க மாமா. அவரு வெச்சிருந்த விதையைப் பூரா போட்டுட்டேன். காலையில நான் இருக்க மாட்டேன். தண்ணி நீங்கதான் ஊத்தணும்."

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்."

"நீங்க ஊத்தலைன்னா செத்துப்போயிடும். அவ்வளவுதான். அப்புறம் உங்க இஷ்டம்."

போட்டது பதினான்கு விதை. மகன் விதை சேர்த்து வைத்திருந்த மாத்திரைப் புட்டியின் அடியில் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. ஒன்பது முளைத்தது. மூன்றைப் புழு வெட்டியது. ஆறு செடி நின்றது, டிரம்முக்கு இரண்டாக. லேத்துக்காரர் முதலில் தண்ணீர் ஊற்றினார், பிறகு புழு பொறுக்கினார், பிறகு சட்டையை மாற்றினார். பூ வந்த வாரம் சவரம் செய்துகொண்டார். வெள்ளையில் ஊதாக் கோடு ஓடிய அந்தச் சின்னப் பூக்களைப் பார்த்துக்கொண்டு காலை முழுவதும் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். முதல் காய் பட்டென்று ஒடிந்த அன்று மருமகளுக்கு அதில் பாதியை எடுத்து வைத்திருந்தார். அவள் அதைத் தின்று முடித்து, காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் அது காரம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு மேசையில் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். அக்கா ஒரு இடம் பாத்திருக்கா. மருந்துக்கடை வெச்சிருக்காரு. அவருக்கும் ரெண்டாவதுதான். அக்கா ஊர்லயேதான். வீடு மூணாவது மாடி, லிஃப்ட்டெல்லாம் இருக்கு. பால்கனிதான் இல்லையாம், துணியை ஜன்னல்லதான் காயப்போடணுமாம்." கடைசியைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நான் இன்னும் சரின்னு சொல்லல."

"நல்ல விஷயம்மா" என்றார் லேத்துக்காரர். "உனக்கு முப்பத்தொண்ணுதானே ஆவுது. நல்ல விஷயம். நான் என்ன சொல்லப்போறேன்? நல்ல விஷயம்தான்." தட்டைக் கழுவ எழுந்தபோது இன்னொரு முறையும் சொன்னார். நல்ல விஷயம் என்று நான்கு முறை சொல்கிறவரை நம்பவே கூடாது.

"எப்பம்மா கிளம்பற மாதிரி?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்த விதை முத்திக் காயட்டும் மாமா. போட்டதே கடைசி விதை, ஒண்ணு மீதி வெக்கல. அதைப் பாதியில விட்டுட்டுப் போக மனசு வரல. ஒரு ஒண்ணரை மாசம் ஆகும். வெயிலுக்கு முன்னாடி ஆயிடும்."

மறுநாள் ஒரு பழைய சட்டையின் ஓரத்திலிருந்து சிவப்பு நூலை உருவி, நன்றாகத் திரண்டிருந்த பதினொரு காய்களின் காம்பில் கட்டினாள். நூல் கட்டியது விதைக்கு, மற்றதெல்லாம் வாய்க்கு. லேத்துக்காரர் தலையாட்டினார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் கிட்ட வரவில்லை. அவள் போவாள், அது நியாயம், அதில் அவருக்குத் தகராறு இல்லை. ஆனால் போன பிறகு? கட்டில் இருக்கும், சட்டை இருக்கும். கூப்பிட ஆளிருக்காது. இன்னொன்றும் இருந்தது, அதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட்டார். அந்த மருந்துக்கடைக்காரன் தன் மகனுடைய காயைப் பட்டென்று ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "பரவாயில்லையே, நல்லாருக்கே" என்று சொல்வான். அந்த ஆளை அவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த "பரவாயில்லையே" அவர் காதில் துல்லியமாகக் கேட்டது.

பறிச்சுட்டே இருந்தா பூத்துட்டே இருக்கும். மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. விதை முத்தாதவரை செடி முடியாது, செடி முடியாதவரை இவள் போகமாட்டாள். கணக்கு நேர்கோடாக இருந்தது. அவர் வாழ்நாளில் போட்ட கணக்கு எதுவும் தப்பியதில்லை என்பதுதான் அந்த மனிதருக்குப் பிடித்த சனி.

நூல் கட்டாத காய்களைப் பறிப்பதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவற்றை ஈர்க்குச்சி தடிமனில் இருக்கும்போதே பறித்துத் தள்ளினார். பச்சையாகத் தின்றார், எண்ணெயில் வதக்கினார், மிஞ்சியதை உப்புத் தண்ணீரில் போட்டு ஜாடிகளில் மூடினார். பக்கத்து வீட்டு டீச்சருக்கு ஒரு ஜாடி போனது. "முள்ளங்கியில காயா? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள் டீச்சர். அடுத்த வாரம் இரண்டாவது ஜாடி போனபோது வாசல் கதவைப் பாதிதான் திறந்தாள்.

நூல் கட்டிய காய்களில் கை வைக்கத்தான் சாக்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை பக்கத்துச் சுவரில் பச்சையாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. அது செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எச்சமிட்டுவிட்டுப் பறந்துபோனது. லேத்துக்காரருக்கு அது போதும்.

கருவிப் பெட்டியிலிருந்து கம்பி பிடிக்கிற மூக்குக் குறட்டை எடுத்தார். பறித்துவிட்டுப் பறவை என்று சொன்னால் குழந்தைகூட நம்பாது. கொத்தியதுபோல் கிழிக்க வேண்டும். வாய்க்கு எடுத்து வைத்திருந்த காய்கள் ஐந்தில் ஒத்திகை பார்த்தார். ஓரத்தில் கடித்து, திருகி, ஒரு இழுப்பு. விதை நசுங்கித் தோல் பிசிறாகத் தொங்க வேண்டும். ஐந்தாவதில் கை வந்துவிட்டது. பிறகு நூல் கட்டிய மூன்று காய்களில் அதையே செய்தார். கை நடுங்கவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் ஒரு நாளும் நடுங்காத கை அது.

மதியம் வந்ததும் அவள் பின்கட்டுக்குப் போனாள். காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன மாமா இது?"

"பறவைம்மா. பச்சையா ஒண்ணு. விரட்டினேன், அதுக்குள்ள மூணைக் கொத்திடுச்சு."

"அப்படியா" என்றாள். கிழிந்த மூன்றையும் நூலோடு பறித்து உள்ளே கொண்டுபோனாள். வேறு மூன்று காய்களில் புது நூல் கட்டினாள். மாலையில் அக்காவோடு போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. "இல்லக்கா, இன்னும் ஒரு மூணு வாரம் ஆகும்னு சொல்லு. பறவைத் தொல்லை." லேத்துக்காரர் அன்று ராத்திரி ஒரு பிடி அதிகம் சாப்பிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் நான்கு காய். அதற்கடுத்து இன்னும் நான்கு. அவள் எங்கிருந்தோ ஒரு பழைய கொசுவலையைக் கொண்டுவந்து செடிகளை மூடினாள். லேத்துக்காரர் முக்காலியில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள், "வலையைப் போட்டா தேனீ எப்படிம்மா வரும்? தேனீ வரலைன்னா காயே பிடிக்காதே" என்றார். உண்மைதான். பொய் சொல்ல உண்மையைப் போல் வசதியான சாமான் வேறு கிடையாது.

"அப்ப ஒண்ணு செய்யுங்க மாமா" என்றாள் அவள். "வெயில் ஏறினதும் நீங்களே வலையை எடுத்துடுங்க. சாயங்காலம் நீங்களே போட்டுடுங்க. உங்க பொறுப்பு." அதைச் சொல்லும்போது நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வலையைக் கண்ணும் கருத்துமாக எடுத்தார், போட்டார். இடையில் இருந்த நேரத்தில் பறவை வேலையையும் பார்த்தார். மருந்துக்கடைக்காரரிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. மூன்றாவது முறை அக்காவே கூப்பிட்டுக் கத்தினாள். கத்தல் சுவரைத் தாண்டிக் கேட்டது. "முள்ளங்கிக்காக ஒரு மனுஷன் எத்தனை நாள்டி காத்திருப்பான்?" இவள் தணிந்த குரலில் என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை.

செடி மட்டும் அவர் கணக்குப்படியே நடந்துகொண்டது. பறிக்கப் பறிக்கப் பூத்தது. ஒரு கிளை ஓய்ந்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. ஒன்றரை மாதம் மூன்று மாதமானது. காய்கள் மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தன. இருபது சென்டிமீட்டர், பதினைந்து, பிறகு விரல் நீளம். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்டு கம்பிபோல் கட்டையாகிவிட்டது. எந்த உயிரையும் எத்தனை நாளைக்குத்தான் வேலையை முடிக்க விடாமல் வைத்திருப்பது? லேத்துக்காரருக்கு இது தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரிந்தும், இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் ஒன்றிரண்டை விட்டுவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரமும் அதையே நினைத்தார்.

வெயில் ஒரே நாளில் வந்தது போலிருந்தது. செவ்வாய்க்கிழமை செடிகள் வாடின. புதன்கிழமை இரண்டு குவளை கூடுதலாக ஊற்றினார். இரும்பு டிரம் தொட முடியாதபடி சுட்டது; அவசரமாகச் சாக்கை நனைத்துச் சுற்றினார். வியாழக்கிழமை தண்டெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். மிச்சமிருந்த பிஞ்சுகள் முத்தாமலேயே சுருங்கின. ஒன்றைப் பிளந்து பார்த்தபோது உள்ளே தூசிபோல் ஏதோ இருந்தது. அது விதை இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு செடியும் போய்விட்டன.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளை நிறுத்தி வைப்பதிலேயே குறியாக இருந்ததில், இந்த விதைக்கு வேறு விதை கிடையாது என்பதை அவர் ஒரு தரம்கூட முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை. மகன் தொட்டு எடுத்து வைத்ததில் கடைசி அது. அதைத் தன் கையாலேயே, குறடு வைத்து, வாரா வாரம், ஒவ்வொன்றாகக் கொன்றிருக்கிறார். முக்காலியை இழுத்துப் போட்டுச் செடிகளின் எதிரே உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு மருமகள் வந்தாள். பின்கட்டை எட்டிப் பார்த்தாள். அறைக்குள் போய், பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுக்கிற மூடிபோட்ட சின்ன டப்பாக்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "வாங்க மாமா" என்று கூப்பிட்டாள்.

டப்பாக்களில் கிழிந்த காய்கள் இருந்தன, காய்ந்து சுருங்கி, சிவப்பு நூலோடு. ஒவ்வொரு மூடியிலும் தேதி. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாக அடுக்கினாள். பத்தொன்பது. பக்கத்தில் அவருடைய இரும்பு அளவுகோலை வைத்தாள்.

"அளந்து பாருங்க."

அவர் அளக்கவில்லை. அளக்காமலே தெரிந்தது. பத்தொன்பதிலும் கிழிசல் காம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருந்தது. எல்லாம் இடது பக்கம். எல்லாம் ஒரே அகலம். ஒரு நூல் பிசகவில்லை.

"எந்தப் பறவை மாமா ஸ்கேல் வெச்சுக்கிட்டு வந்து கொத்தும்?"

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எப்பம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"மொத நாளே."

"அப்ப ஏம்மா எங்கிட்ட…"

"கேட்டிருந்தா நீங்க கூனிக் குறுகிப் போயிருப்பீங்க. பயத்துல செய்யறாரு, தானா நிறுத்திடுவாருன்னு நெனச்சேன். அதனாலதான் வலையை உங்க பொறுப்புல விட்டேன். அப்பவாவது கை வராதுன்னு." நூல் ஒன்றைப் பிரித்துக்கொண்டே பேசினாள். "பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கிளம்ப மனசில்லாம இருந்துது. இன்னும் மூணு வாரம், இன்னும் மூணு வாரம்னு நானும் உங்க பறவையைச் சாக்கு வெச்சு நாளைத் தள்ளிட்டேன். அது என் தப்பு."

"அவன் விதையை நீ எடுத்துட்டுப் போயி அங்க நடுவேன்னு…" லேத்துக்காரர் அளவுகோலைத் தள்ளி வைத்தார். "எனக்கு அது தாங்கலம்மா."

அவள் நூலைப் பிரிப்பதை நிறுத்தினாள். "எங்க மாமா நடறது?"

அவர் விழித்தார்.

"மூணாவது மாடி. பால்கனி கிடையாது. சொன்னேன் இல்ல?" அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் கேட்க முடியாதபடி இருந்தது. "அந்த விதை எனக்கு இல்ல. உங்களுக்கு. நான் போனப்புறம் காலையில கட்டிலை விட்டு எழுந்திருக்க உங்களுக்கு ஒரு வேலை வேணும். அதை உங்க கையில குடுத்துட்டுப் போகணும்னுதான் நான் உக்காந்திருந்தேன். அதுக்குத்தான் அக்காகிட்ட அத்தனை பேச்சு வாங்கினேன்."

லேத்துக்காரர் தலையில் அடித்துக்கொள்ளக்கூட இல்லை. கணு இல்லாத விரலால் காய்ந்த காய் ஒன்றைத் தொட்டார், அது பொடிந்தது. பிறகு அழுதார். மகன் போன அன்றுகூட அப்படி அழாதவர். அவள் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். சமையலறையில் எது எங்கே என்று எழுதி ஒட்டினாள். அவருடைய சட்டைகள் ஆறையும் துவைத்து மடித்து வைத்தாள். வண்டி வந்ததும் பெட்டியை அவரே தூக்கி வைத்தார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்றேன் மாமா" என்றாள். "சட்டையை மாத்துங்க." அதற்குமேல் பேசினால் ஏறமாட்டாள் என்பது இருவருக்கும் தெரிந்ததால் சீக்கிரம் ஏறிக்கொண்டாள்.

முதல் வாரம் அவர் ஜாடிகளைத் திறந்தார். டீச்சரிடம் போய், கொடுத்த ஜாடிகளையும் திரும்பக் கேட்டார். இரண்டாவது மூடியே திறக்காமல் இருந்தது. உப்பில் ஊறிய காய் ஒவ்வொன்றையும் பிளந்து, கொஞ்சமாவது திரண்ட விதைகளைப் பொறுக்கினார். பச்சையாக, கொழகொழவென்று பதினான்கு தேறின. பல தண்ணீரில் கழுவி ஈரத் துணியில் வைத்தார். உப்பில் கிடந்த பிஞ்சு விதை முளைக்காது என்று அவருக்குத் தெரியும். ஐந்தாம் நாள் துணியில் பூஞ்சை பிடித்தது. ஒன்பதாம் நாள் நாறியது. கடைத்தெருவில் விதைக்கடைக்காரனிடம் போய்க் கேட்டார். "காய்க்குன்னு யாருங்க முள்ளங்கி போடுவாங்க? கிழங்குக்குத்தான் இருக்கு, வேணுமா?" என்றான். வேண்டாமென்று திரும்பினார். அன்று வந்து கட்டிலில் படுத்தார்.

மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோது எடுத்தார்.

"என்ன மாமா, எடுக்கவே இல்ல? படுத்திருந்தீங்களா?"

அந்தக் குரலில் இருந்த பயத்தை அவர் கேட்டார். மூன்றாவது மாடியில், ஜன்னல் ஓரத்தில், பெட்டியைத் திரும்பக் கட்டத் தயாராக அது நின்றுகொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். படுத்துத்தாம்மா கிடக்கேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வண்டியில் வந்துவிடுவாள். மூன்று மாதம் குறட்டை வைத்துக்கொண்டு கிழித்துக் கிழித்துத் தேடியது இப்போது வாயருகில் வந்து நின்றது.

"பின்கட்டுல இருந்தேம்மா" என்றார் லேத்துக்காரர். "ஒரு விஷயம் தெரியுமா? கடைசி டிரம்முக்குப் பின்னாடி ஒரு காய் விழுந்து கெடந்துது. நல்லா காஞ்சு. வலைக்கு வெளியில போயிடுச்சு போல, நான் பாக்கல. விதை இருந்துது. போட்டேன்."

"முளைச்சுதா மாமா?"

"முளைச்சிருக்கு. நாலு."

"நாலா?"

"நாலு."

"எல்லாம் ஒரே அளவா இருக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளில் முதல் முறையாகப் பிசகு எவ்வளவு விட வேண்டும் என்று யோசித்தார்.

"இல்லம்மா. ஒண்ணு மட்டும் கொஞ்சம் குட்டை. இன்னொண்ணு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. நிமிந்துடும்னு நெனைக்கறேன்."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "தண்ணி ரொம்ப ஊத்திடாதீங்க மாமா" என்றாள். "அழுகிடும்."

"மாட்டேன். அரைக் குவளைதான் ஊத்தறேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை விட்டுவிட்டு, மடித்து வைத்ததில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், வெறும் மண்ணில் நான்கு இடத்தில் ஊற்றினார்.